எதிலும் ஒட்டாத கோடு

டிரேசர் என்றால் என்ன வேலை என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அம்மா எல்லோரிடமும் "படம் போடற ஆபீஸ்" என்று சொல்லிவைத்திருந்தாள். அதனால் நான் சினிமாக் கொட்டகைக்குத் தட்டி எழுதுகிறேன் என்று நம்பியவர்களும் உண்டு. ஒரு நாள் எதிர்வீட்டுக்காரர் என்னை வழியில் நிறுத்தி, வெள்ளிக்கிழமை எந்தப் படம் மாறுகிறது என்று கேட்டார். நான் பாலாறு என்றேன். நல்ல குடும்பப் படமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அறுபதுகளின் கடைசி அது. பாலாற்றுப் படுகையில் எந்த ஊருக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும், இருப்பது எவ்வளவு, இல்லாததைக் கொண்டுவர என்ன செலவாகும் என்று திட்டம் போடுவதற்காக, தேரடிக்குப் பக்கத்தில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்துத் தற்காலிகமாக ஓர் அலுவலகம் திறந்திருந்தார்கள். தற்காலிகம் என்பதால்தான் பள்ளிப் படிப்பும் கொஞ்சம் ஓவியமும் மட்டும் தெரிந்த எனக்கும் அங்கே ஒரு நாற்காலி கிடைத்தது. சர்வேக்காரர்கள் வெயிலில் அலைந்து பென்சிலில் வரைந்து கொண்டுவரும் தாளின் மேல், கஞ்சி போட்டு மெருகேற்றிய மெல்லிய துணியை விரித்து, அடியில் தெரிவதைக் கறுப்பு மையில் எடுக்க வேண்டும். ஏரிக்கு ஓர் அடையாளம், கிணற்றுக்கு ஒரு வட்டம், கால்வாய்க்கு ஒரு கோடு. தாமல் ஏரியின் கரையை எடுக்க மட்டும் எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பிறந்ததிலிருந்து பார்த்த ஊர்கள் எல்லாம் மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரிந்தது. எந்த ஏரி நிரம்பினால் எந்த ஏரிக்குத் தண்ணீர் போகும், ஐயம்பேட்டைச் சாலை ஏன் அந்த இடத்தில் வளைகிறது, மாகறல் கோயிலுக்குப் போகிற வழியில் எத்தனை வாய்க்காலைத் தாண்டுகிறோம், எல்லாம் என் மேசைக்கு வந்தது. ஊராட்சிகள் எழுதி அனுப்பிய படிவங்களையும் விடாமல் படிப்பேன். அது என் வேலையே அல்ல. கிணற்றுக்கு வரி போடப்போகிறார்கள் என்று பயந்து ஓர் ஊரில் ஒரு கிணறுகூட இல்லை என்று எழுதியிருந்தார்கள். பணம் கொடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட இன்னோர் ஊரில் ஒரே குளத்தை மூன்று பெயரில் காட்டியிருந்தார்கள். "தங்கள் ஊருக்குத் தேவையான நீர்" என்ற கட்டத்தில் ஒருவர், "மழை பெய்தால் போதும்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

எங்கள் இன்ஜினியர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். வந்த முதல் நாள் பாலத்தின் மேல் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, இருபுறமும் மணலைப் பார்த்துவிட்டு, ஆறு எங்கே என்று டிரைவரைக் கேட்டாராம். நல்ல மனிதர், கோபப்படாமல் எதையும் விளக்குவார். பணம் எப்படிப் பங்கிடப்படும் என்பதை அவர் எங்களுக்கு இப்படித்தான் சொல்லியிருந்தார்: படத்தில் இருப்பதற்குத்தான் பணம், அதுவும் எந்த மைல், எந்த பர்லாங் என்று விரலை வைத்துக் காட்ட முடிகிற வேலைக்குத்தான் பணம்.

அந்தப் படத்திலேயே பெரிய செலவு ஒரு சிவப்பு வட்டம். ஆற்று மணலில் நகரத்துக்குக் குடிநீர்க் கிணறு ஒன்று தோண்டி, குழாய் போட்டு, நெசவாளர் தெருக்களுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போகிறார்கள். முதல் பட்டியலில் எங்கள் தெருவும் இருந்தது. எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. விடிவதற்கு முன்னால் அம்மா இரண்டு தெரு தள்ளிப் பொதுக்குழாய்க்குப் போய், வரிசையில் நின்று, இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக மூன்று நடை நடப்பாள். அதற்குப் பிறகுதான் ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்து அப்பாவின் தறிக்குத் தார் சுற்ற வேண்டும். இடுப்பு வலி அவளுக்கு அப்போதே வந்துவிட்டது. புதுக் குழாய் வருகிறது என்று நான் சொன்ன மறுநாளே, வாசலில் மின்கம்பத்துக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைப் பார்த்து, கல்லைப் பொறுக்கி, சாணம் தெளித்து வைத்துவிட்டாள். வராத குழாயைச் சுற்றித் தினமும் கோலமும் போட்டாள். நான் கேலி செய்தால், இடத்தை வேறு யாராவது கேட்டுவிடுவார்கள் என்பாள்.

படம் முடிந்ததும் அதை ஒன்றிய அலுவலகக் கூடத்தில் ஒரு வாரம் மாட்டிவைத்தார்கள். ஊர்க்காரர்கள் வந்து பார்த்து, குறை இருந்தால் சொல்லலாம். படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்ல யாருக்கும் விருப்பமில்லை. நான்தான் வரைந்தவள் என்பதால் என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டார்கள். வந்தவர்கள் முதலில் தங்கள் ஊர்க் கோயிலைத் தேடினார்கள். கோயில் படத்தில் இல்லை என்றதும் பாதிப் பேருக்கு ஆர்வம் போய்விட்டது.

மூன்றாம் நாள் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். இருவருக்கும் கிட்டத்தட்ட என் வயதுதான் இருக்கும். ஐயம்பேட்டைக்கு அப்பால் ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு சிற்றூரில் காலனிக்காரர்கள். ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்த ஊரில் வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் திருப்பிவிடுகிற வேலை அந்த மனிதருடையது, நீர்க்கட்டி என்பார்கள். கூலி பணமாகக் கிடையாது, அறுவடையின்போது களத்தில் நெல்லாக அளப்பார்கள். மனிதர் கூடத்துக்குள் வராமல் கதவோரம் நின்றார். அந்தப் பெண்தான் நேராகப் படத்துக்கு வந்து, ஆற்றின் மேல் விரலை வைத்து, அங்கிருந்து தன் ஊருக்கு நகர்த்தினாள். எழுதப்படிக்கத் தெரியாத அவள் படத்தைப் புரிந்துகொண்ட வேகம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"இது ஆறு. இது எங்க ஏரி. நடுவுல எங்க ஊத்துக்கால் எங்கம்மா?"

அப்படி ஒரு கால்வாய் படத்தில் இல்லை என்றேன். இல்லை என்றால் எப்படி, அதில்தான் தை போனதும் தண்ணீர் வருகிறது என்றாள். சர்வேக்காரர்கள் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள், படத்தில் இல்லை என்றால் இல்லைதான் என்று சுருக்கென்று சொன்னேன். வாய்த்துடுக்கு எனக்கு அந்த வயதில் அதிகம். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சிவப்பு வட்டத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டாள். நகரத்துக்குக் குடிநீர்க் கிணறு என்றேன். அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அங்கதாம்மா நாங்க தோண்டறது," என்றாள். "அங்க கிணறு வந்துச்சுன்னா எங்களுக்கு ஊத்து நின்னுடும். இப்ப பயிரு பொதியில இருக்குது, இன்னும் கதிரு வெளிய வரல. ஏரி வத்திக்கினு வருது."

அவர்கள் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் அலுவலகத்துக்கு ஓடி, பீரோவைத் திறந்து, அந்தப் பகுதியின் பென்சில் தாளை எடுத்துப் பார்த்தேன். கோடு இருந்தது. மெல்லிய, லேசாக வளைந்த பென்சில் கோடு. ஆற்றங்கரையில் தொடங்கி வயலுக்குள் போய் நின்றது. ஆற்றோடு சேரவில்லை, ஏரியோடும் சேரவில்லை. பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது. டிரேஸ் எடுக்கும்போது அந்தக் கோட்டைப் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுத்தான் விட்டிருக்கிறேன்.

ஏன் விட்டேன் என்பதும் எனக்குத் தெரிந்தது. நெசவு வீட்டில் பிறந்தவர்களுக்குத்தான் அந்தத் தப்பு வரும். காலையில் தெருவில் பாவு விரித்தால், சின்ன வயதில் எனக்கு ஒரே ஒரு வேலை: நீளமாக விரிந்திருக்கும் இழைகளின் மேல், எதிலும் சேராமல் கிடக்கும் அறுந்த இழையைப் பொறுக்கி எடுக்க வேண்டும். இரண்டு முனையும் எதிலும் ஒட்டவில்லை என்றால் அது குப்பை. விட்டுவைத்தால் தறிக்குப் போய்ப் புடவையில் திட்டாக உட்கார்ந்துகொள்ளும், அப்பாவிடம் திட்டு வாங்க வேண்டும். பத்து வயதிலிருந்து என் கண்ணுக்கு அது பழகிப்போயிருந்தது. சர்வேக்காரர் பென்சில் வழுக்கிவிட்டது என்று எண்ணி, யாரையும் கேட்காமல், அந்தக் கோட்டைப் பொறுக்கி எறிந்துவிட்டேன். கோடு இல்லாத மணல் காலியாக இருந்தது. காலியாக இருந்த இடத்தில் கிணற்றின் வட்டம் வந்து உட்கார்ந்தது.

வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்தக் கோடு ஏன் எதிலும் ஒட்டவில்லை என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. சர்வேக்காரர் சரியாகத்தான் வரைந்திருக்கிறார் என்றால், கரையில் திடீரென்று தொடங்குகிற கால்வாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஐயம்பேட்டைக்கு முதல் பஸ் ஏறினேன். அங்கிருந்து கேட்டுக் கேட்டு நடந்தேன். நான் போன நேரம் நல்ல நேரம். அன்றுதான் ஊத்துக்கால் வெட்ட ஊரே ஆற்றங்கரையில் திரண்டிருந்தது.

வீட்டுக்கு ஓர் ஆள். ஊரிலிருந்தும் வந்திருந்தார்கள், காலனியிலிருந்தும் வந்திருந்தார்கள், தனித்தனியாகத்தான் நின்றார்கள். எல்லோரும் மண்வெட்டியையும் கூடையையும் வைத்துக்கொண்டு கரையில் சும்மா காத்திருக்க, அந்த மனிதர் மட்டும் செருப்பில்லாமல் மணலில் நடந்துகொண்டிருந்தார். கொஞ்சம் நடப்பார், நிற்பார், பக்கவாட்டில் நகர்வார். அவர் நின்ற இடத்தில் எல்லாம் பின்னாலேயே வந்த அவர் மனைவி ஒரு வேப்பங்குச்சியை நட்டாள். என்னைப் பார்த்ததும் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வருவேன் என்று எதிர்பார்த்தவள் மாதிரி, செருப்பைக் கழற்றிவிட்டு வரச்சொன்னாள்.

எப்படித் தெரிகிறது என்று அந்த மனிதரைக் கேட்டேன். அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"காலு சொல்லுதும்மா."

நானும் வெறுங்காலோடு நடந்து பார்த்தேன். எனக்கு எல்லா இடமும் ஒரே மாதிரி சில்லென்றுதான் இருந்தது. அவர் மனைவி சிரித்தாள். காலும் சொல்லவில்லை, கையும் சொல்லவில்லை, ஐப்பசி வெள்ளத்தில் கரையில் நின்று எங்கே சுழிக்கிறது, எங்கே மணல் ஒதுங்குகிறது என்று பார்த்து மனசில் வைத்துக்கொள்வார், மாசியில் இந்த வேஷம் போடுவார் என்று அவர் காதுபடவே சொன்னாள். அவர் மறுக்கவில்லை. நடந்துகொண்டே இருந்தார்.

கடைசிக் குச்சி நட்ட இடத்தில் வெட்டினார்கள். முழங்கால் ஆழம் போனதும் மணல் கறுத்தது. இன்னும் ஒரு சாண் போனதும் பள்ளத்தின் ஓரத்திலிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் கசிந்து, மெல்லச் சேர்ந்தது. மேலே ஒரு சொட்டுக்கூட இல்லாத ஆற்றில், உள்ளே தண்ணீர் போய்க்கொண்டேதான் இருந்திருக்கிறது. அங்கிருந்து கரைவரை மணலைக் கீறிக் கால்வாய் இழுத்து, இரண்டு பக்கமும் சரியாமல் கோரையை அடுக்கி, கரையிலிருந்து வயலுக்குள் போகிற, நிரந்தரமாக இருக்கிற வாய்க்காலோடு சேர்க்கிறார்கள். ஐப்பசியில் வெள்ளம் வந்தால் மணலில் வெட்டியது முழுவதும் அழிந்துபோகும். மறுவருஷம் ஊற்று வேறு இடத்தில் இருக்கும். அதனால்தான் சர்வேக்காரர் மழை முடிந்து வந்தபோது கரைவரைக்கும்தான் கோடு இருந்தது. மீதிக் கோட்டை இவர்கள் ஒவ்வொரு வருஷமும் ஆற்றின் மேலேயே வரைந்துகொண்டிருந்தார்கள்.

நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அந்தப் பெண் என் கையில் ஒரு கூடையைத் திணித்தாள்.

"சும்மா நின்னுக்கினு பாக்கக்கூடாதும்மா. வெட்டறப்ப ஆத்துல இறங்குனவங்க மண்ணு எடுக்கணும். அது எங்க ஊரு முறை."

எடுத்தேன். ஈர மணல் அவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது. நான்கு கூடை எடுத்ததும் மூச்சு வாங்கியது. அந்த மனிதர் இடுப்பில் செருகியிருந்த வைக்கோல் புரிகளில் ஒன்றை உருவி முடிச்சுப் போடுவதைப் பார்த்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புரி. எத்தனை கூடை எடுத்தார்களோ அத்தனை முடிச்சு. அவசரத்திலும் முடிச்சுகள் ஒரே அளவாக விழுந்தன. எங்கள் வீட்டில் இழை முடிகிறவர்கள் பார்த்தாலே பாராட்டுவார்கள். மூச்சு வாங்கிய சாக்கில் கரையில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணிடம் கோட்டை விட்டது நான்தான் என்று சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"போட்டுடுவ இல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

போட்டுவிடுவேன் என்றேன். எங்கள் தெரு எது, வீடு எது என்று அவள் பேச்சோடு பேச்சாகக் கேட்டதையும் நான் சொன்னதையும் அன்றைக்கே மறந்துவிட்டேன்.

சொல்வது சுலபம். திங்கட்கிழமை தலைமை வரைவாளரிடம் போனேன். அவர் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. கிணற்றின் மதிப்பீடு மேலே போய்விட்டது, பங்குனி முடிவதற்குள் ஒப்புதல் ஆகாவிட்டால் நகரத்துக்கு ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடும், அப்புறம் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது என்றார். ஒரு கோட்டை ஒருத்தி மறந்துவிட்டாள் என்பதற்காக ஊர் முழுவதும் தாகத்தோடு கிடக்க வேண்டுமா என்றும் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது. மறுநாள் விடியற்காலை அம்மாவோடு நானும் ஒரு குடம் எடுத்துக்கொண்டு போனேன். என்ன திடீரென்று அக்கறை என்று கேட்டாள். அவள் கையில் குடம் மாறி மாறிப் போவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் வராத குழாயைச் சுற்றிக் கோலம் போட்டிருந்தது.

ஒரு வாரம் நான் ஒன்றும் செய்யவில்லை. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? கோட்டை வேண்டுமென்று விடவில்லை, இப்போது வாயை மூடிக்கொண்டால் போதும், குழாய் வந்துவிடும் என்றுகூட நினைத்தேன். ஆனால் அந்தத் தாளை எடுக்கும்போதெல்லாம் பொதியில் நிற்கிற பயிர்தான் கண்ணுக்குத் தெரிந்தது. கடைசியில் பென்சில் தாளைச் சுருட்டிக்கொண்டு இன்ஜினியரின் அறைக்குப் போய், எல்லாவற்றையும் நின்ற நிலையில் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரி, கோட்டைப் போடு, கால்வாயின் தலை எங்கே இருக்கிறது, எந்த மைல், எந்த பர்லாங் என்றார். அங்கேதான் சிக்கல். இந்த வருஷம் இங்கே, அடுத்த வருஷம் எங்கே என்று ஆற்றுக்குத்தான் தெரியும் என்றேன். அப்படி ஓர் அடையாளம் எங்கள் அலுவலகத்தில் கிடையாது. ஏரி நகராது, கிணறு நகராது, நகர்கிற வேலைக்குப் படத்தில் இடமில்லை. அவர் பென்சிலைத் தட்டிக்கொண்டு யோசித்தார். நான் மேசைக்கு ஓடி, அந்த இடத்தை மட்டும் சிவப்பு வட்டத்தோடு ஒரு புதுத் துணியில் எடுத்து, நீலச் சாயத்தைத் தண்ணீரில் கரைத்து, கரையில் தொடங்கும் கோட்டைக் கறுப்பு மையில் எடுத்து, அது ஆற்றைத் தொடும் இடத்திலிருந்து மேலும் கீழும் அவர்கள் வேப்பங்குச்சி நடக்கூடிய மணல் முழுவதற்கும் வெளிர்நீலம் பூசிக் கொண்டுவந்தேன். ஊற்று இதற்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கும் என்றேன். சிவப்பு வட்டம் அந்த நீலத்தின் நடுவில் இருந்தது.

அவர் வட்டத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"உங்க தெருவுக்கும் இந்தக் கிணத்துலேருந்துதானே தண்ணி?"

ஆமாம் என்றேன்.

"வீட்ல சொல்லிட்டியாம்மா?"

இல்லை என்றேன். அவர் நீலத்தின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். கிணற்றுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும் என்று குறிப்பு எழுதினார். கூட்டத்தில் பெரிய ரகளை நடந்ததாகச் சொன்னார்கள். என்னை உள்ளே விடவில்லை. ஊத்துக்காலுக்கு ஒரு பைசாவும் ஒதுக்கவில்லை, ஏனென்றால் விரலை வைத்துக் காட்ட முடியாத வேலை. ஆனால் அந்த மணலில் யாரும் கிணறு தோண்டக்கூடாது என்பது மட்டும் படத்தில் நின்றது. பங்குனி முடிந்தது. நகரத்தின் பணம் திரும்பிப் போனது.

அம்மாவுக்குச் செய்தி குழாயடி வரிசையில் கிடைத்தது. அன்றிலிருந்து தினமும் விடியற்காலை, குடத்தைத் தூக்கும்போது ஒரு தடவை, இறக்கும்போது ஒரு தடவை திட்டுவாள். "எந்தக் கட்டையில போறவன் கிணத்தை மாத்துனானோ, அவன் இடுப்பு ஒடிய." நான் பின்னாலேயே இன்னொரு குடத்தோடு வருவேன். எதற்கும் வாயடக்காத நான் இதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. கோடு விடுபட்ட பழைய டிரேசிங் துணியைக் கழிவு என்று அலுவலகத்தில் தூக்கிப்போட்டபோது வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அம்மா அதை வெந்நீரில் போட்டுக் கஞ்சியை எடுத்து, நல்ல மல் துணி என்று குடத்தின் வாயில் வடிகட்டக் கட்டிவிட்டாள். மை முழுவதும் போகவில்லை. பாலாற்றின் ஒரு கரை மங்கலாகத் தெரியும். தினமும் அதன் வழியாகத்தான் எங்கள் தண்ணீர் இறங்கியது.

ஒரு மாதம் போலத் திட்டினாள். சித்திரைக் கடைசியில் ஒரு நாள் திட்டுவதை நிறுத்திவிட்டாள். அலுத்துப்போயிருக்கும் என்று நினைத்தேன். அந்த நாட்களில் ஒன்றிரண்டு வாரம் வீட்டில் புது அரிசிச் சோறு. கொஞ்சம் தடிப்பாக, குழைவாக, நல்ல வாசனையோடு இருந்தது. ஏது என்று கேட்டதற்கு, கடையில் புதுசா வந்திருக்குது, பேசாம சாப்பிடு என்றாள். அடுத்த சித்திரையிலும் அந்தச் சோறு வந்தது. அதற்கு அடுத்த சித்திரையிலும்.

மூன்று வருஷம் கழித்துத்தான் கிணறு வந்தது, ஆற்றில் வெகு தூரம் கீழே. எங்கள் தற்காலிக அலுவலகத்தை மூடி, நான் வேறு இடத்துக்கு மாற்றலாகிப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், மின்கம்பத்துக்குப் பக்கத்தில், அம்மா வைத்திருந்த அதே இடத்தில் குழாய் போட்டார்கள். தெருவே கூடியது. முதல் குடம் அம்மாவுக்குத்தான் என்று எல்லோரும் விட்டுக்கொடுத்தார்கள். எல்லோரும் பிடித்துக்கொண்டு போன பிறகு, அம்மா இரண்டாம் குடத்தைக் குழாயடியில் வைத்தபோது, நானும் அவளும்தான் நின்றோம். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். கிணற்றை மாற்றியது யார் என்று தெரியுமா என்று தொடங்கினேன்.

அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போனாள். அரிசிப் பானைக்குப் பின்னால் கையை விட்டு எதையோ எடுத்துக்கொண்டு வந்தாள். மூன்று வைக்கோல் புரிகள். வருஷம் ஒன்றாக மூன்று நெல் மூட்டையின் வாய் கட்டிவந்தவை. காய்ந்து பழுப்பேறியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே அளவான முடிச்சுகள், நான்கு நான்கு.

ஒவ்வொரு சித்திரையும் நான் ஆபீசுக்குப் போன பிறகு ஒரு பெண் தலையில் சுமந்து வந்து கொடுத்துவிட்டுப் போகிறாள் என்றாள். உன் பெண்ணுக்குக் களத்தில் அளந்த பங்கு என்று சொன்னாளாம். முதல் வருஷம் எதற்கென்று கேட்டபோது, கோடு, கிணறு, கால்வாய் எல்லாவற்றையும் அந்தப் பெண் சொல்லிவிட்டாளாம். அன்று அவளைத் தெருவிலேயே நிறுத்தி மூட்டையை வாங்கியதாக அம்மா சொன்னாள். இரண்டாம் வருஷம் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தாளாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ திருப்பிக் குடுத்துடுவ. சர்க்கார் வேலைன்னு சட்டம் பேசுவ," என்றாள். பிறகு புரிகளை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "எனக்கு ஒண்ணுதான் புரியல. மூணு வருஷமா கேக்கணும்னு இருந்தேன். இது இன்னா நாலு முடிச்சு?"

நான்கு கூடை மண் எடுத்தேன் என்றேன். கூடைக்கு ஒரு முடிச்சு, அது அவர்கள் முறை என்றேன். அம்மா ஒவ்வொரு முடிச்சாக விரலால் தடவிப் பார்த்தாள். இவ்வளவு சின்ன விஷயமா என்கிற மாதிரி இருந்தது அவள் முகம்.

"நாலு கூடைக்கு இவ்ளோ நெல்லு," என்றாள். "நானுந்தான் மூணு வருஷம் குடம் தூக்கினேன். எனக்கு எத்தினி முடிச்சு போடுவாங்க?"

கோபமாகக் கேட்டாளா, சும்மா கேட்டாளா என்று அவள் முகத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. புரிகளை மடியில் செருகிக்கொண்டாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி உள்ளே போனாள். குழாயை மூட மறந்துவிட்டாள். நான் போய் மூடினேன்.